கால் பங்கு கருணை

இடுக்கி மலையில் கருணைக்கு ஒரு முகவரி உண்டென்றால், அது உடும்பஞ்சோலை ஏலத்தோட்ட மேலாளர் கோகுல்நாத்தின் பங்களாதான். சந்தேகப்படுகிறவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் கூரை ஒழுகுகிறது என்று காளிச்சாமி வெறும் தண்ணீரைக் குடித்து உண்ணாவிரதம் இருந்தபோது, இருபது நாளும் மேலாளர் அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை. அத்தனை மரியாதை. இருபத்தோராம் நாள் காளிச்சாமி மயங்கி விழுந்தார். அன்றுதான் மேலாளரின் "மனம் இளகியது". அன்றுதான் பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். புதுக் கூரைக்குச் சம்மதித்து அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார்.

தோட்டத்து ஆசுபத்திரியில் ஊட்டியதெல்லாம் வாந்தியாக வந்தது. குடல் வேலை செய்யவில்லை, சத்தை நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பால் நிறத்தில் பெரிய பை ஒன்று தொங்கியது. மறுநாள் படம் எடுக்க ஆள் வருகிறது. அதற்குள் காளிச்சாமி எழுந்து உட்கார்ந்து சிரித்தாக வேண்டும். எனவே பை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடும்படி மேலாளர் உத்தரவிட்டார். தோட்டம் கஞ்சத்தனம் செய்தது என்று பேச்சு வரக்கூடாதே.

நர்ஸ் ஜோமோள் குழாயை மறித்து நின்றாள்.

"மூணு வாரம் பட்டினி கிடந்த உடம்பாக்கும் சாரே. திடீர்னு நிறையக் கொடுத்தா ரத்தத்துல உள்ள உப்பெல்லாம் தாழ்ந்துபோகும். ஹார்ட் நின்னுபோகும்."

முதலில் வைட்டமின் ஊசி, ரத்தப் பரிசோதனை, குறைந்த உப்புக்கு மருந்து. பிறகு கால் பங்கு. அப்புறம் தினமும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும் என்று விளக்கினாள். மேலாளருக்குக் கண் கலங்கியது. இத்தனை ஆண்டுகளாகத் தாம் தோட்டத்தில் எதையும் கொஞ்சமாகவே கொடுத்துச் செய்துவந்தது வைத்தியம் என்பது அவருக்கே தெரியாமல் போயிருந்தது.

படம் எடுக்க வந்தவர்கள் பையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எட்டாம் நாள் முழு அளவு ஏறியது. பன்னிரண்டாம் நாள் கஞ்சி குடித்துவிட்டுக் காளிச்சாமி லயத்துக்குத் திரும்பினார். நல்ல மழை. ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு மூலையில் மட்டும் புதுத் தகடு மின்னியது.

பல வருடம் நனைந்து பழகிய உடம்புக்கு ஒரேயடியாக முழுக் கூரை ஆபத்து என்று, குடைக்குள் நின்றபடி மேலாளர் கனிவோடு எடுத்துச் சொன்னார்.

காளிச்சாமி ஒழுகும் முக்கால் பங்கைப் பார்த்தார்.

"கால் பங்குன்னு சிஸ்டர் சொன்னது சாருக்கு நல்லாக் கேட்டிருக்கு. தெனமும் கூட்டணும்னு சொன்னது காதுல விழ, நான் இன்னும் எத்தன நாளு பட்டினி கெடக்கணும்?"