எகிப்துக்குப் போய் வந்ததற்கு அத்தாட்சி

முருகன் துணை

சாமிக்கல் தோட்டம், மேல் பிரிவு,
டிக்கோயா.
9.10.1955

என்றும் மரியாதைக்குரிய மச்சான் கணேசமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் தங்கை பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டதால் உங்கள் தலையிலும் வந்து விழுந்த நல்லமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் பேச்சியும் பிள்ளைகள் நாலு பேரும் மாரியாத்தா தயவில் சுகம். ஆடு சுகம். மழை எங்களைவிடச் சுகம், மூன்று வாரமாக இந்த மலையை விட்டு நகரவில்லை. கொழும்பில் நீங்களும் பூரணி அக்காவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைத்துக் கேட்கிறோம். சுகத்தைப் பற்றி எழுத இவ்வளவுதான் உண்டு. இனி வருவதெல்லாம் மற்றது.

முந்தாநாள் ஹட்டன் ராசிக் நானாவின் கடை லொறியில் உங்கள் பேருக்கு ஒரு தடித்த உறை கொடுத்தனுப்பினேன். இந்நேரம் கிடைத்திருக்கும். அதைத் திறந்து, சிரிக்க வேண்டியதைச் சிரித்து முடித்துவிட்டு, நீங்கள் வேலை பார்க்கிற கந்தோருக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டாளத்துப் பழைய புத்தகங்களை வைத்திருக்கிறார்களே, அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பது பிழை. அதைத் திருத்தி, எனக்குச் சேர வேண்டிய இரண்டு மெடலையும் அதில் ஏற்றி, மெடலைக் கையோடு வாங்கி நவம்பர் மூன்றாம் தேதிக்குள் எனக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்குத்தான் நுவரெலியாவில் எங்கள் பிரஜாவுரிமை விசாரணை.

விசாரணை என்றால் சும்மா இல்லை மச்சான். கீழ்ப் பிரிவுக் கந்தப்பன் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடுதாசி கொண்டுபோனான். பிறந்த துண்டு, கலியாணத் துண்டு, ஆடு வாங்கின துண்டு எல்லாம் இருந்தது. போதாது என்று தள்ளிவிட்டார்கள். இப்போது அவன் இந்த நாட்டு ஆளும் இல்லை, அந்த நாட்டு ஆளும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த அதே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் ஆறு பேருக்கும் அந்தக் கதி வரக் கூடாது. கடுதாசியைத் தள்ளலாம், மெடலைத் தள்ளுவார்களா? அரசாங்கமே கொடுத்த மெடலை ஒருவன் நெஞ்சில் பார்த்துக்கொண்டு, "நீ இந்த ஊர் ஆளில்லை" என்று சொல்ல எந்த மனுசனுக்கு வாய் வரும்? இது முழுக்க என் சொந்த யோசனை. பேச்சி அப்போதே சொன்னாள், "ஒங்க சொந்த யோசனைன்னாலே எனக்குப் பயமா இருக்குங்க" என்று.

மெடல் என்றதும் என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான் சொல்லிவந்த கதை வேறு. ஓடுகிற ஜெர்மன் டாங்கியை மறித்து, உள்ளே இருந்தவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தேன் என்று பத்து வருசமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டாங்கி கூடும். உண்மை என்னவென்றால் எங்கள் கூட்டத்துக்குத் துப்பாக்கியைவிட மண்வெட்டிதான் அதிகம். கப்பலில் வந்த டின் பெட்டிகளை இறக்குவோம், ரோடு போடுவோம், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கக்கூஸ் குழி வெட்டுவோம். தேயிலை மலையில் தண்ணீர்க் கான் வெட்டிப் பழகின கை, ஆகவே குழி மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக வரும். வந்து பார்த்த பெரிய ஆபீசரே என் குழியைப் பாராட்டிவிட்டுத்தான் உபயோகித்தார். ஆனால் அந்த மெடல்கள் வீரத்துக்கு இல்லை மச்சான், அங்கே இருந்ததற்கு. மூன்று வருசம் இருந்தேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் சத்தியம்.

பிறகு ஏன் புத்தகத்தில் இல்லை என்று கேட்பார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பத்திரண்டில் தியத்தலாவை முகாமில் எகிப்துக்குப் போகிறவர்களின் பேரை வாசித்தபோது நான் கக்கூசில் இருந்தேன். முதல் நாள் தின்ற பலாக்கொட்டை. என் பேருக்குப் பதில் வராததால், எழுதுகிறவர் என்னை முகாமிலேயே குசினியில் சமையல் எடுபிடிக்கு நிறுத்திவிட்டதாகக் குறித்துக்கொண்டார். நான் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, கிளம்பின லொறியில் தொற்றிக்கொண்டேன். கை கொடுத்து இழுத்தவன் எங்கள் லயத்து ராமையா, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராக்காயியின் புருசன். அப்புறம் எகிப்தில் ஒரு புத்தகம், இங்கே ஒரு புத்தகம். இரண்டும் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

போன மாதம் நீங்கள் எழுதிக் கேட்டதற்கு அவர்கள் பதில் போட்டார்கள் அல்லவா, அது இங்கிலீசில் இருந்ததால் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் காட்டினேன். தனியாக வாசித்துச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் காலையில் வேலை பிரிக்க ஆட்கள் கூடுகிற பெரட்டில் முன்னூறு பேருக்கு முன்னால் நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார். மேற்படி நல்லமுத்து யுத்தம் முடியும்வரை தியத்தலாவை முகாம் குசினியில் உதவியாளாக இருந்தார், மெடல் எதுவும் கிடையாது. அன்றிலிருந்து என் பேர் வெங்காயப் பட்டாளம். கொழுந்தெடுக்கிற பெண்கள் என்னைக் கண்டால் கண்ணைக் கசக்குகிறார்கள். என் மூத்த மகள் சண்முகவடிவு ஏழு வயசுக்காரி. அவள் கேட்கிறாள், "அப்பா, அந்த டாங்கி எப்படிப்பா குசினிக்குள்ள வந்துச்சு?" என்று.

உறைக்குள் இருக்கும் அத்தாட்சிகளுக்கு வருகிறேன். முதலாவது போட்டோ. கெய்ரோவில் நானும் ராமையாவும் ஒரு ஒட்டகத்தோடு நின்று எடுத்தது. போட்டோக்காரன் அசையாதே என்று எங்களுக்குச் சொன்னான், ஒட்டகத்துக்குச் சொல்லவில்லை. அது சரியான நேரம் பார்த்துத் தலையும் கழுத்துமாகத் திரும்பி என்னை மறைத்துவிட்டது. ஆகவே படத்தில் ராமையா முழுசாக இருக்கிறான், ஒட்டகம் முழுசாக இருக்கிறது, நான் முட்டிக்குக் கீழே மட்டும் இருக்கிறேன். "இது ஒங்க முட்டிதான், எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன்" என்கிறாள் பேச்சி. அதையும் எழுதி அவள் கைநாட்டு வைத்து இணைத்திருக்கிறேன். இரண்டாவது பட்டாளத்துக் கோட்டு. முழுசாக அனுப்பலாம் என்று தேடினால், உங்கள் தங்கை எப்போதோ அதை வெட்டிப் பாதியை மலைக்குப் போகக் கம்பளியாகவும் பாதியை ஆட்டுக்குப் போர்வையாகவும் ஆக்கிவிட்டாள். மிஞ்சினது ஒரு பித்தான். ஆடு மென்றதால் அதில் சின்னம் அவ்வளவு தெளிவாக இல்லை.

மூன்றாவது ராக்காயியின் கைநாட்டு. ராமையா அங்கே காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்குக் குழி வெட்டினது நான்தான். அந்த மூன்று வருசத்தில் நான் வெட்டினதில் அது ஒன்றுதான் கக்கூசுக்கு இல்லை. சர்க்கார் கடுதாசியில் இறந்தார் என்று ஒரு சொல்தான் இருந்தது. எந்தப் பக்கம் தலை வைத்தது, யார் யார் மண் போட்டது, கடைசியாக என்ன கேட்டான் என்பதையெல்லாம் நான்தான் வந்து சொன்னேன். இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னொருக்கா சொல்லுங்கண்ணே" என்பாள். நானும் சொல்லுவேன், ஒரு சொல் கூட்டாமல். டாங்கிக் கதையை அவள் என்றைக்கும் நம்பினதில்லை. இதை நம்புகிறாள்.

நாலாவதாக, அந்த மூன்று வருசமும் நான் தோட்டத்தில் இல்லை என்று ஆபீசில் ஒரு துண்டு வாங்கப் போனேன். மச்சான், இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பெரிய கிளாக்கர் பழைய செக்றோல் வருகைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த மூன்று வருசமும் நான் ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கிறேன்! பழனியாண்டிக் கங்காணி, ஆளுக்கு இவ்வளவு என்று தனக்குக் கிடைக்கிற தலைக்காசு குறைந்துவிடும் என்று, நான் பட்டாளத்துக்கு ஓடினதை மறைத்துத் தினமும் பேர் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். நாற்பத்து மூன்று ஆகஸ்டில் கவ்வாத்து மோசம் என்று எனக்கு இரண்டு நாள் அரைப்பேர் போட்டிருக்கிறது. எகிப்து வெயிலில் நான் முதுகு வெந்து சாகிறேன், இங்கே என் பேரில் எவனோ தேயிலைச் செடியை வெட்டத் தெரியாமல் அரைச் சம்பளம் வாங்கியிருக்கிறான்! நான் இருபது வருசக் கவ்வாத்துக்காரன் மச்சான். திருட்டை மன்னித்தாலும் அந்தக் கவ்வாத்தை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் அவரைப் பொய்க் கணக்குக் கங்காணி என்று கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அமைதியாகச் சொன்னார், "நீ பட்டாளத்துக்குப் போனியா? அப்ப நான் தெனமும் பேர் போட்டது யாருக்குடா, ஒன் அப்பன் ஆவிக்கா?" மறுபடி முன்னூறு பேரும் சிரித்தார்கள். செத்தாலும் உன் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். நான் புளுகினபோது வாயைப் பிளந்து கேட்ட சனம், உண்மைக்குச் சாட்சி கேட்டால் சிரிக்கிறது. இது நானே வெட்டின குழி, இதுவும் நேராகத்தான் வந்திருக்கிறது.

ஆகவே மச்சான், நீங்கள்தான் கதி. எப்படியாவது புத்தகத்தைத் திருத்த வையுங்கள். பூரணி அக்காவுக்கு என் கும்பிடு. சின்னவனுக்குப் பல் முளைத்ததற்கு ஒரு முத்தம். உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஈரமாகாமல் எங்கள் முனியாண்டி காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எகிப்து நல்லமுத்து

பின்குறிப்பு, 11.10.1955: மச்சான், மேலே உள்ளதை நீங்க படிக்கலைன்னு வச்சுக்கங்க. எட்டுப் பக்கத்தையும் கிழிக்க மனசு வரலை, அதான் அப்படியே அனுப்புறேன். கடுதாசியை ஒட்டி எடுத்துக்கிட்டு அன்னைக்கே முத்திரை வாங்க ராசிக் நானா கடைக்குப் போனேன். நாலு வருசத்துக்கு முந்தி எங்க பிரஜாவுரிமை மனுவை இங்கிலீசுல எழுதினவர் அவர்தான். மெடல் சமாச்சாரத்தைப் பெருமையா அவுத்து விட்டேன். மனுசன் சீனி நிறுத்துக்கிட்டிருந்த கையை அப்படியே நிறுத்திட்டார். "நல்லமுத்து, நீங்க மெய்யாவே எகிப்துக்குப் போனீங்களா? நான் அது கதைன்னுல்ல நெனச்சேன்!" அப்படின்னு உள்ளே ஓடிப்போய் மனு நகலைக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டினார். மனுதாரர் பிறந்த நாள் முதல் இந்தத் தீவை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. அதுக்குக் கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு.

"விசாரணையில இவங்க தோண்டித் தோண்டிக் கேக்குறதே நாப்பத்தாறுக்கு முந்தின வருசங்கள்ல விடாம இங்கேயே இருந்தீங்களான்னுதான். அதுல மூணு வருசம் வெளியில இருந்தேன்னு நீங்களே மெடலைக் குத்திக்கிட்டுப் போய் நிக்கப் போறீங்களா?"ன்னார். "அரசாங்கத்துக்காகத்தானே நானா போனேன்?"னு கேட்டேன். "போனதுக்கு மெடல் குடுப்பாங்க. இவங்க கேக்குறது இருந்ததுக்கு"ன்னார். நான் ஒட்டியிருந்த கடுதாசியை அங்கேயே பிரிச்சேன்.

ஆகையினால மச்சான், உறையைக் கொடுக்காதீங்க. கொடுத்துட்டீங்கன்னா ஓடிப்போய்த் திருப்பி வாங்கிட்டு, என் தங்கச்சி புருசன் சுத்தப் புளுகன், குசினியை விட்டு நகர்ந்ததே இல்லைன்னு சொல்லிடுங்க. சாட்சிக்கு முன்னூறு பேர் தயார். பட்டாளத்துப் புத்தகமும் சரி, செக்றோலும் சரி. ஒரே நேரத்துல தியத்தலாவையில வெங்காயமும் உரிச்சு, டிக்கோயாவுல கவ்வாத்தும் வெட்டியிருக்கேன். ரெண்டு ஊரும் இந்த நாட்டுக்குள்ளதானே இருக்கு.

வர்ற வழியிலேயே ஒரு கட்டு வெத்தலையோட பழனியாண்டிக் கங்காணி வாசப்படியை மிதிச்சேன். விசாரணைக்கு வந்து நான் தோட்டத்துலயே இருந்தேன்னு சொல்லணும்னு கெஞ்சினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "வர்றேன். ஆனா அந்த அரைப்பேர் ரெண்டும் நியாயமாப் போட்டதுதான்னு நீ ஒத்துக்கணும்"ன்னார். ஒத்துக்கிட்டேன். எவனோ வெட்டின கவ்வாத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். இப்ப ராவெல்லாம் பேச்சி பாடம் கேக்குறா. எகிப்து எங்க இருக்கு? தெரியாதுங்க. ஒட்டகம் பார்த்திருக்கியா? படத்துலகூட இல்லைங்க. நல்லா வருதுங்குறா. பத்து வருசமாப் புளுகின வாய் இப்பத்தான் குடும்பத்துக்கு உதவுது.

ஒண்ணே ஒண்ணு. பித்தானைக் கடல்ல போடுங்க, கைநாட்டுக் காயிதத்தை அடுப்புல போடுங்க. போட்டோவை மட்டும் பத்திரமாத் திருப்பி அனுப்புங்க. அதுல என் மொகம் இல்லை, ஒட்டகம் என்னைவிட வெவரமாத்தான் நடந்திருக்கு. போட்டோ ராக்காயிக்கு. நேத்து அவகிட்டப் போய், இனிமே நான் எகிப்துக்குப் போகாத ஆளுன்னு சொன்னேன். சொல்ல நாக்கு கூசுச்சு மச்சான். அவ விளக்குத் திரியைத் தூண்டி விட்டா. அப்புறம், "சர்க்காருக்குப் போகலைன்னே சொல்லுங்கண்ணே. ஆடி அமாவாசைக்கு மட்டும் போயிட்டு வந்துருங்க"ன்னா.