கார்டு இல்லாத குண்டூசி

"குண்டூசி இருக்கு, கார்டு எங்கே?" என்றார் மேனேஜர் ஃபவ்வாஸ்.

ரனீம் எட்டிப் பார்த்தாள். மேசையில் ஏழு விண்ணப்பங்கள். மற்ற ஆறின் தலையிலும் ஒரு கர்னலோ, வக்கீலோ, எம்.பி.யின் மச்சானோ விசிட்டிங் கார்டாகக் குத்தப்பட்டிருந்தார். ஜோர்டானின் அம்மான் நகரில் வங்கி வேலை என்றால் அதுதான் முறை. படிப்புச் சான்றிதழ் அதற்குக் கீழே, அடக்க ஒடுக்கமாக.

"அது போட்டோவுக்குக் குத்தினது சார்."

"உனக்காகப் பேசப்போறவர் யாரு?"

"யாருமில்ல சார்."

ஃபவ்வாஸ் கண்ணாடியைக் கழற்றினார். விலை கேட்காமலே பணத்தை நீட்டும் கிராக்கியை வியாபாரி பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"போன்கூட வராதா?"

"யாரும் பண்ண மாட்டாங்க சார்."

"அடேயப்பா! போனே பண்ண வேண்டியதில்லாத அளவுக்குப் பெரிய இடம்!"

ரனீமுக்கு இது ஒன்பதாவது வங்கி. இதுவும் போனால் மாமா கடையில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்க வேண்டியதுதான். உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள்.

"சத்தியமா சார், எனக்குன்னு இருக்கிறது ஒரு மாமாதான். சந்தையில ஏலக்காய் விக்கிறார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"மந்திரி வீட்டுக்கும்?"

"அவங்களும் ஏலக்காய் போட்ட காப்பிதானே குடிப்பாங்க சார்?"

ஃபவ்வாஸ் எழுந்துபோய் அறைக்கதவை அகலத் திறந்துவைத்தார். வெளியே கீபோர்டுச் சத்தம் பட்டென்று நின்றது.

"அபூ ரிஸ்க்! இந்த டீயை எடுத்துட்டுப் போய்யா! காப்பி கொண்டா, ஏலக்காய் தூக்கலா!"

பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், தெருமுனைவரை கேட்கிற குரலில்.

"கேட்டுட்டேன் சார், சொல்ல மாட்டேங்குது. உங்களுக்குத் தைரியமிருந்தா நீங்க கேளுங்க... வேண்டாமா? அப்ப கையெழுத்துப் போட்டுடறேன்."

"சார், நீங்க தப்பா..."

"உஷ்!"

எழுத்துத் தேர்வில் அவள் முதலாவதாக வந்திருந்தாள். அந்த மதிப்பெண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, அவர் நியமன ஆணையை நீட்டினார்.

"வெளியில யார் கேட்டாலும் இதே பதிலைச் சொல்லும்மா. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே."

இத்தனை நேரமும் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லாதவளுக்கு, எதையோ மறைத்துவிட்டு வருவதுபோல் இருந்தது. வாசலில் காப்பித் தட்டோடு பியூன் அபூ ரிஸ்க் மறித்தார்.

"மகளே, எனக்கு மட்டும் சொல்லு. உனக்காகப் பேசின ஆளு யாரு?"

"யாருமே இல்ல, ஐயா."

அபூ ரிஸ்க் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரும் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு இதையேதான் சொன்னாரு. அவரோட ஆளு யாருன்னு நாங்க இருபத்திரண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்!"