பூனை மீசையில் கெட்டிப்பால்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் உத்தியோகம். நாளைக்கு இருநூறு கோப்பை. உறிஞ்சுவார், துப்புவார், எந்த மலை, எந்தச் சரிவு என்று சொல்லிவிடுவார். இலை பறித்தவளுக்கு அன்றைக்குப் பல்வலி என்றுகூட ஒருமுறை சொன்னார். விசாரித்தார்கள், கடைவாய்ப் பல்லாம்.

அப்பேர்ப்பட்ட நாக்குக்கு டாக்டர் இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டார். மனுஷன் என்ன செய்வார்? மனைவி குளிக்கப் போன நேரம், சர்க்கரை போட்ட கெட்டிப்பால் டப்பாவை வழித்து நக்கிவிட்டு, கடைசிச் சொட்டைப் பூனையின் மீசையில் தடவி வைத்தார்.

மனைவி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பூனையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். கோபமே படவில்லை. ஈ காலால் ருசி பார்க்கும், கெளுத்தி மீனுக்கு உடம்பெல்லாம் ருசி தெரியும், ஆனால் பூனைக்கு இனிப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது என்றாள்.

அவர் வாயைப் பிளந்தார். உடம்பெல்லாம் நாக்கு! குளமே ஒரு கோப்பை! பிடிக்காவிட்டால் அது எங்கே போய்த் துப்பும்?

ஆனாலும் விடவில்லை.

"நம்ம பூனை அப்படியில்ல. இனிப்புன்னா உசுரை விடும்."

"சோதிச்சுப் பார்த்துடலாமா? தோத்தா டப்பா வைக்கிற அலமாரிச் சாவி என்கிட்ட."

"ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை எனக்கு ரெண்டு ஸ்பூன்."

இரண்டு தட்டில் பால் வைத்தாள். வலது தட்டில் சர்க்கரை என்று சொல்லிவிட்டு, பூனையைத் தேடிக் கொல்லைக்குப் போனாள். அந்த இடைவெளியில் அவர் மீன் வறுத்த சட்டியை விரலால் வழித்து வலது தட்டில் கலக்கினார்.

பூனை வலது தட்டைக் கண்ணாடி போல் துடைத்துவிட்டது. இடது பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க. சர்க்கரை இடது தட்டுல இருக்கு."

விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பாகு மாதிரி இருந்தது. இருநூறு கோப்பை ருசித்த நாக்கு, வீட்டில் இரண்டே தட்டு, முதலிலேயே ஒரு சொட்டு தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாம் முறை விரலை நீட்டுவதற்குள் தட்டு போய்விட்டது.

பூனை கொட்டாவி விட்டது. அந்த ரோஜா நிற நாக்கையே பிரமித்துப் பார்த்தார். ஒரு ஆயுசு முழுக்க இனிப்பில்லாமல், இத்தனை கம்பீரமா?

"எப்படித்தான் இருக்கியோ" என்றார் அதனிடம்.

"நல்லா கேட்டுக் கத்துக்குங்க" என்று மனைவி சாவியை இடுப்பில் செருகினாள். "இனிமே உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாக்குதான்."

யார் சொன்னது என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த வீட்டில் எனக்கு இன்னும் சர்க்கரை போட்டுத்தான் தேநீர் தருகிறார்கள்.