பால் பிக்கப்புக்கு நேர்ந்த கதி

கொட்டில் வாசலில் பிக்கப் அகப்பட்டுக்கொண்டு நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு அதன் கூரையில் குந்தியிருந்தது. கூரை, மிதிபட்ட தகரப்பேணி மாதிரி அமுங்கிக் கிடந்தது.

சிறீஸ்கந்தராசா குனிந்து நெளிந்து வெளியே வந்தார்.

“கதவு திறந்திருக்கெண்டு நீதானே சொன்னனீ?”

“திறந்துதானே அண்ணை கிடக்குது. முழுக்கத் திறந்திருக்கெண்டு நான் சொல்லேல்லையே,” என்றான் வெளியே நின்று வழி காட்டிய அந்தோனிமுத்து.

பின்னால் படுக்கவைத்துக் கொண்டுவந்த ஓசி அலுமாரியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த அலுமாரிக்காகத்தான் இவ்வளவும்.

பிக்கப் வீட்டுக்காரர் பிரெபெனுடையது. அவருடைய தகப்பனார் முப்பது வருடம் அதில்தான் பால் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐந்து கிழமை மயோர்க்காவுக்கு வெயில் காயப் போகும்போது பிரெபென் கொட்டில் திறப்புச் சாவியைக் கொடுத்து ஒரேயொரு வேலை சொன்னார்: சனிக்கிழமைகளில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். தெருவில் ஓட்டலாம் என்று சொல்லவில்லை; ஓட்டக்கூடாது என்றும் சொல்லவில்லை. நம்மவர்களுக்கு அது போதாதா?

சத்தம் கேட்டு மனைவி தங்கமலர் ஓடிவந்தாள்.

“நாசமாக்கிப் போட்டியளோ?”

“இல்லையப்பா. கொஞ்சம் நெளிஞ்சு போச்சு.”

“அந்த மனுசன் வந்து பாத்தா, நாங்கள் திரும்பவும் சீலைக்குப் பின்னாலதான்.”

அவள் பயந்ததில் பிழையில்லை. அகதி முகாமில் இரண்டு குடும்பத்துக்கு ஓர் அறை. நடுவில் மறைப்புக்கு அவளுடைய சேலை ஒன்று. எட்டு மாதம் ஸ்கீவ நகரம் முழுக்க வீடு தேடியலைந்து, கடைசியில் ‘ஓம்’ என்று சொன்ன ஒரே மனிதர் பிரெபென்தான். தன் வீட்டின் பின்பாதியை அவர்களுக்கு விட்டுத் தந்திருந்தார்.

“இன்னும் மூண்டு கிழமை கிடக்குது. கொம்பனியில இருந்து வந்த மாதிரி ஆக்கிக் காட்டிறன்,” என்றார் சிறீஸ்கந்தராசா.

வெறும் பேச்சு இல்லை. ஊரில், கொக்குவிலில் பதினொரு வருடம் கராஜில் நின்றவர். சாமான் இல்லையென்று எந்த வாகனத்தையும் திருப்பி அனுப்பாதவர். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும், ஆனால் கை வைத்தது வெளியே தெரியக் கூடாது. அதுதான் அவருடைய தொழில் மானம்.

பிரெபெனின் கொட்டிலில் திருத்துவேலை ஆயுதங்கள் எல்லாம் இருந்தன. பாதிக்குச் சுற்றிய கடதாசிகூடப் பிரிக்கவில்லை. சுவர் நிறைய அமெரிக்கச் சஞ்சிகைகளில் வெட்டிய வாகனப் படங்கள். ஒன்றுக்குக் கூரை அமுங்கியிருந்தது. ஒன்றுக்குப் பொனற்றே இல்லாமல் எஞ்சின் வெளியே தெரிந்தது.

“பாவம், அமெரிக்காவிலயும் பொனற் வாங்க வழியில்லாத சனம் இருக்குது,” என்று சிறீஸ்கந்தராசா உண்மையாகவே இரங்கினார். “இந்த மனுசன் ஏன் அடிபட்ட வாகனத்தின்ர படமெல்லாம் சேத்து வைச்சிருக்குது?”

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு விசர், அண்ணை.”

அந்தோனிமுத்து இப்போது காளான் பண்ணையில் வேலை செய்தாலும் ஊரில் தையல்காரன். கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தும் நிமிரவில்லை என்றதும் ஒரு யோசனை சொன்னான்.

“காற்சட்டை நீளமெண்டால் என்ன செய்வம்? கட்டையாக்குவம். சுத்திவர ஆறு அங்குலம் வெட்டி எடுத்திட்டு ஒட்டிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப் போகுது?”

வெட்டி ஒட்டினார்கள். நெளிவு போய்விட்டது. ஆனால் உள்ளே ஏறி இருந்தால் தலை முட்டியது. அதற்காக இருக்கையைக் கழற்றித் தரையோடு வைத்தார்கள். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுபவரின் கண் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, சொன்ன சொல் தவறாமல் சிறீஸ்கந்தராசா எஞ்சினை ஓடவிட்டார். ஒன்பதாவது நிமிடத்தில் அது ‘கிறீச்’ என்று கத்தி இறுகி நின்றது. ரேடியேற்றரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“குளிருக்குத் தண்ணி உறைஞ்சு எஞ்சின் வெடிச்சிடுமெண்டு பண்ணையில கதைச்சாங்கள். அதுதான் நேற்றுத் திறந்து விட்டனான்,” என்றான் அந்தோனிமுத்து.

“எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயடா!”

“நல்ல காரியத்தைச் சொல்லிச் செய்யக் கூடாது அண்ணை.”

கொட்டில் மூலையில் ஏதோ ஒன்று தடித்த துணிப் படங்கால் மூடிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் அமெரிக்க எஞ்சின், எட்டுச் சிலிண்டர். எஞ்சினை ஏன் ஒரு மனிதர் பிள்ளையைப் போலப் போர்த்தி வைத்திருக்கிறார் என்று சிறீஸ்கந்தராசா யோசிக்கவில்லை. எஞ்சினைப் பறிகொடுத்தவன் எஞ்சினைக் கண்டால் யோசிப்பானா?

நாலு நாளில் பூட்டி முடித்தார். எஞ்சின் பெரிது, பொனற் மூட மாட்டேன் என்றது. பொனற்றைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். புகைக்குழாய்க்குக் கீழே இடமில்லை. இரண்டு பக்கத்தாலும் வெளியே விட்டார். ஓடிப் பார்க்கலாம் என்று காலை வைத்ததுதான் தாமதம், எட்டுச் சிலிண்டரின் இழுவை தாங்காமல் பின் அச்சு முறிந்தது.

சுவரோரம் அகன்ற ரயர் பூட்டிய இன்னோர் அச்சு சாய்ந்து நின்றது. அதைப் பூட்டினார். ரயர் மட்கார்ட்டில் இடித்தது. மட்கார்ட்டை வெட்டினார். கடைசியில் பிக்கப், முன்பக்கம் பதிந்து பின்பக்கம் தூக்கி, தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி நின்றது.

தங்கமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது என்னப்பா?”

“பிக்கப்.”

“நாசமாக்கிறதிலயும் ஒரு அளவு இருக்குது, இஞ்சாருங்கோ.”

பதினொரு வருடத்தில் அவர் கையால் இப்படியொரு அலங்கோலம் வெளியே போனதில்லை. வெட்கத்தில் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

வெல்டிங் சூட்டில் முன்பக்கத்து நிறம் வேறு எரிந்து, கறுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய்க் கிடந்தது. கொட்டில் தட்டில் இருந்தவை சிவப்புப் பூச்சு மையும் மஞ்சள் பூச்சு மையும் மட்டும்தான்.

“எரிஞ்ச இடத்தை எரியிற மாதிரியே கீறிவிட்டால் என்ன?” என்றான் அந்தோனிமுத்து. மறுத்துப் பேசும் தெம்பு சிறீஸ்கந்தராசாவுக்கு இல்லை. பின்னேரத்துக்குள் பிக்கப்பின் மூக்கிலிருந்து கதவு வரைக்கும் மையில் தீ பற்றி எரிந்தது.

பிரெபென் இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டார். வெயிலில் சிவந்த முகம், கையில் ஒரு பை செம்மஞ்சள் தோடம்பழம். “உங்களுக்குத்தான்,” என்று பையைக் காட்டினார். அந்தத் தோடம்பழத்தைக் கண்டபோதுதான் சிறீஸ்கந்தராசாவுக்கு நெஞ்சு உண்மையாக வலித்தது. இந்த நல்ல மனிதருடைய தகப்பனின் ஞாபகத்தையல்லவா அறுத்து ஒட்டி வைத்திருக்கிறார்!

பிரெபென் பையோடு கொட்டிலுக்குள் போனார். சிறீஸ்கந்தராசா மனைவியிடம் பாடமாக்கிய டேனிஷ் மன்னிப்பைச் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். “உன்ஸ்குல்… உன்ஸ்குல்…”

பிரெபென் பிக்கப்பை மூன்று தரம் சுற்றி வந்தார். தோடம்பழப் பையை நிலத்தில் வைத்தார். தீயை விரலால் தடவினார். அந்த யூலண்ட் பக்கத்து மனிதர்களின் முகத்தில் கலியாணவீடும் செத்தவீடும் ஒன்றுதான். எதையும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஏறித் திறப்பைத் திருகினார். அந்த அதிர்வில் வீட்டுக் குசினித் தட்டிலிருந்து இரண்டு பானை விழுந்து உருண்டன. நிறுத்தினார். இறங்கினார். நேரே தன் வீட்டுப் பக்கம் போய்த் தொலைபேசியைத் தூக்கினார்.

சிறீஸ்கந்தராசா யன்னலால் பார்த்தார்.

“கையெல்லாம் ஆட்டிக் கதைக்கிறார். இண்டுவரைக்கும் அந்த மனுசன் கையாட்டி நான் காணேல்லை.”

“பொலிசுக்குத்தான்,” என்றாள் தங்கமலர். கட்டிலுக்குக் கீழிருந்து சூட்கேசை இழுத்தாள். முகாமில் மறைப்புக் கட்டிய பழைய சேலையை மடித்து மேலே வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னை மன்னிச்சுக் கொள்ளும். ஒரு ஓசி அலுமாரிக்கு ஆசைப்பட்டு உம்மைத் தெருவில விட்டிட்டன்.”

“பேசாமல் இருங்கோ. எங்கையெண்டாலும் சேந்துதானே போறம்,” என்றாள் அவள்.

அரை மணித்தியாலத்தில் மூன்று பழைய பிக்கப்புகள் வந்து முற்றத்தில் நின்றன. இறங்கிய மூன்று பேருக்கும் நெஞ்சு வரை தாடி, தோல் உடுப்பு, கையெல்லாம் பச்சை குத்தல். அந்தோனிமுத்து அந்த ஓசி அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிரெபென் அவர்களைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். பிறகு நால்வரும் வந்து கதவைத் தட்டினார்கள். சிறீஸ்கந்தராசா தலையை இழுத்துச் சீவி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்கள் இருங்கோ. எனக்குத்தான் பாசை தெரியும்,” என்று மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் தங்கமலர் வெளியே போனாள்.

ஐந்து நிமிடம் கழித்துத் தோடம்பழப் பையோடு திரும்பி வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“பொலிசோ?” என்றார்.

“இல்லை.”

“அடிக்க வந்தவையோ?”

“இல்லையப்பா. வீட்டுக்கார மனுசன் அந்தச் சுவரில கிடக்கிற படத்தைப்போல ஒண்டு செய்ய வேணுமெண்டு பத்து வருசமாச் சாமான் சேத்தவராம், பூட்டத்தான் தெரியாதாம். சூட்கேசை உள்ளுக்கு வையுங்கோ,” என்றாள் தங்கமலர். “மற்ற மூண்டு பேரும், தங்கட பிக்கப்புகளையும் இதே மாதிரி நாசமாக்கித் தர எத்தினை நாள் செல்லுமெண்டு கேக்கினம்.”