வாசலுக்கு நாலு பைப்பு

"எட்டலியே சுகுமாறா!"

வெல்டிங்காரர் தங்கராஜு பைப்பை நிமிர்த்திப் பிடித்தபடி கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தார். சுகுமாறனும் பார்த்தார். பைப்புக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். மற்ற மூன்றையும் நிமிர்த்திப் பார்த்தார்கள். நான்கும் ஒற்றுமையாகக் குட்டையாக இருந்தன.

"கீழ கல்லு வச்சு ஏத்திடலாமா?"

"ஏத்தலாம். சம்பந்தி தலையில விழுந்தா நான் பொறுப்பில்ல."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதுமே சுகுமாறன் கல் யோசனையைக் கைவிட்டார். போர்டிக்சனிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் பஞ்சாலை அம்மாள், காரிலிருந்து இறங்கி வாசல் சேர்வதற்குள் மழையில் தொப்பலாக நனைந்து, வழுக்கி, பட்டுச்சேலையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எழுந்த கையோடு தீர்ப்பும் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு வர்றோம். வாசல்ல கூரை இருந்தா எறங்குவேன். இல்லேன்னா கார அப்படியே திருப்பிடுவேன்."

வாடகைக் கூடாரம் போடலாமா என்று கேட்டதற்கு, "அது சாவு வீட்டுக்குப் போடுறது" என்றார்.

மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். செண்டாயானில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற தனக்கு, லிங்கித் தோட்டத்து வீட்டைத் தேடி இன்னொரு முறை இப்படி ஓர் இடம் வராது என்று சுகுமாறன் உறுதியாக நம்பினார். ஒரே மகள் லோகேஸ்வரியின் வாழ்க்கை இப்போது இந்த நாலு பைப்பில் நின்றது, அதுவும் ஓர் அடி குறைவாக.

"என்னங்க, அளவ சரியாத்தானே சொன்னீங்க?" மனைவி நீலாவதி விசாரணையைத் தொடங்கினாள்.

"சரியாத்தான் சொன்னேன்."

"வேற என்ன சொன்னீங்க?"

"கடைசியா, 'கொஞ்சம் போத்தோங் பண்ணுப்பா'ன்னேன். எல்லாரும் சொல்றதுதானே!"

விலையைக் குறைப்பதற்கும் போத்தோங், இரும்பை வெட்டுவதற்கும் போத்தோங். மலாயில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். இரும்புக் கடையில் ஆர்டர் எடுக்கும் புனிதன், வெட்டத்தான் சொல்கிறார் என்று நான்கையும் அறுத்து அனுப்பிவிட்டான்.

"அந்தப் பையன் தமிழன்தானே?"

"தமிழன்தான். நல்ல மரியாதையான பையன். உக்கார வச்சு கோப்பியெல்லாம் வாங்கிக் குடுத்தான்."

"கோப்பி குடிச்சிட்டு வந்தீங்களா? நல்லா இருக்கு!"

லோகேஸ்வரி கைப்பேசியை எடுத்தாள். "அப்பா, நீங்க பேசினா இன்னும் குழம்பும். நானே பேசுறேன்."

எல்லாரும் கேட்கத்தான் பேசினாள். "ஹலோ, அங்கிள்! பைப்பு ஷார்ட் லா. வேற அனுப்புங்க, அர்ஜெண்ட்!"

மறுநாள் லாரி வந்தது. ஜன்னல் கம்பிக்குப் போடுகிற ஒல்லியான சதுரக் குழாய் ஒரு கட்டு, அதே ஒல்லியில் மூலைக் கம்பி ஒரு கட்டு. பைப்பை மட்டும் காணோம். சுகுமாறன் கடைக்குப் போன் போட்டுக் கத்தினார்.

புனிதன் பதறவில்லை. "அங்கிள், லைன் கரகரன்னு இருந்துச்சு. 'ஹாலோ, ஆங்கிள், அர்ஜெண்ட்'னு சொன்னாங்க. சதுரக் குழாய ஹாலோன்னுதான் சொல்லுவோம். மூலைக் கம்பிக்குப் பேரு ஆங்கிள். ரெண்டையும் அனுப்பிட்டேன்."

"அவ ஹலோ சொன்னாய்யா! கடை மொதலாளி தவுக்கேய அங்கிள்னு கூப்பிட்டா!"

"அப்படியா? சோரி அங்கிள்."

இனி யாரையும் நம்புவதில்லை என்று சுகுமாறன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கே போனார். சுவர் உயரத்தைக் கையால் காட்டினார். தரையில் சாக்குக்கட்டியால் வீட்டையே வரைந்தார். புனிதன் குனிந்து கவனமாகப் பார்த்தான்.

"அங்கிள், பைப்பு எதுக்கு? பீமே போட்டுடலாம். ஆயுசுக்கும் நிக்கும்."

"ஐ... ஐயோ! பீமா? பைப்பு போதும்பா!"

"ஓக்கே அங்கிள்."

சனிக்கிழமை மத்தியானம், பாரம் தாங்காமல் லாரியே முனகிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் மார்கஸ் கிரேனை இயக்கினார். பாலம் கட்டுகிற தடிமனில் நான்கு இரும்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. வேறு இடம் இல்லாததால் வாசலுக்குக் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்தன. சுகுமாறன் அடுப்படி வழியாகச் சுற்றி ஓடிவந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

போனில் புனிதன் அதே மரியாதையோடு சொன்னான். "நீங்கதானே அங்கிள் முதல்ல 'ஐ'ன்னீங்க. ஐ பீம்னு ஒரு சாமான் இருக்கு."

தங்கராஜு வந்து பார்த்தார். ஒரு பீமைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. வெல்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்தா பஞ்சாலை அம்மாளின் கார் வர வேண்டும்? கூரை போட்டாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், கண்ணாடியை மட்டும் இறக்கினார். தூறல் ஆரம்பித்திருந்தது.

"கூரை கேட்டேன். நீங்க வாசலையே அடைச்சு வச்சிருக்கீங்க. வர வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்."

"சம்பந்தியம்மா, அது ஐயோன்னு சொன்னது..."

"ஐயோவா? நல்ல காரியத்துக்கு முந்தின நாள் ஐயோவா?"

கார் திரும்பியது. நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுகுமாறன் கொட்டத் தொடங்கிய மழையில் பீம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 

"என் வாயே வெனையாப் போச்சு. போத்தோங்குன்னேன், ஐயோன்னேன். பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்." பஸ் நிறைய ஆட்களை அதட்டி ஏற்றுகிற மனிதர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

லோகேஸ்வரி உள்ளேயிருந்து குடை கொண்டுவந்து பிடித்தாள். "விடுங்கப்பா. நடந்தது நடந்துபோச்சு" என்று ஆறுதல் சொன்னாள். பாவம், பிள்ளை எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை இன்னும் பொங்கியது. அவள் தேநீர் போட உள்ளே போனாள்.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த மார்கஸுக்குப் பொறுக்கவில்லை. கிட்டே வந்து குனிந்தார்.

"அண்ணே, உங்க வாய் மேல ஒரு தப்பும் இல்ல, அழாதீங்க. எங்க புனிதன் இத்தன வருசத்துல ஒரு ஆணிகூட மாத்தி அனுப்பினவன் இல்ல. உங்க வீட்டுக்கும் மாத்தி அனுப்பல, அவன் கட்டிக்கப்போற பொண்ணு போன் பண்ணி எத அனுப்பச் சொல்லுச்சோ, அதத்தான் கரெக்டா அனுப்பிக்கிட்டு இருக்கான்."