ஆசிரியர் கூற விரும்புவது யாது?

என் மனைவி கல்லூரிக்குப் போகக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதே, அது என் சார்பில் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

மாலைக் கல்லூரி. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு. என் மனைவி கல்யாணத்துக்காகப் படிப்பை விட்டவள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை நான் என்பதால், "படிம்மா, தாராளமாப் படி" என்று பெருந்தன்மையோடு சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகுதான் யோசித்தேன். மாலையில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் துணி துவைப்பது யார்?

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது. அது வந்த அன்றே, "இந்த விவகாரமெல்லாம் எனக்குப் புரியாதும்மா" என்று கையை விரித்துவிட்டேன். சமையலுக்கும் அதே பதில். அந்த ஒரே வாக்கியத்தில்தான் என் இல்லறம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நான் வேலை பார்ப்பதே வீட்டு மெஷின்கள் செய்யும் கம்பெனியில். பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் வருமே, யாருமே படிக்காமல் எறிவார்களே, அதை எழுதுகிறவன் நான். எங்கள் வீட்டு மெஷினின் தாளும் என் கைவண்ணம்தான். மனைவியிடம் மட்டும், "நான் ஃபேனுக்குத்தான் எழுதறேன், மத்ததுக்கெல்லாம் வேற ஆள்" என்று சொல்லிவைத்திருந்தேன். தாளில் எழுதியவன் பெயரைப் போட மாட்டார்கள். முதலில் அதற்காக வருந்தினேன். பிறகு அதற்காகவே நன்றி சொன்னேன்.

நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மதிப்பெண் ஒரே பகுதிக்குத்தான். ஒரு பத்தி கொடுப்பார்கள். அதைப் படித்துக் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

"படிக்க ஆரம்பிச்சா நாலாவது வரியில குக்கரை இறக்கினோமான்னு ஞாபகம் வந்துடுதுங்க," என்றாள் மனைவி. முகம் வாடியிருந்தது. "இந்தத் தடவை விட்டா அப்புறம் எனக்கு வராது. நீங்க எழுதற ஆளாச்சே, தினம் ஒரு பத்தி எடுத்துக் குடுங்களேன்."

"அஞ்ச வேண்டாம்! நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

எதற்கு இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு பஸ் டிரைவரிடம் கேட்டேன்.

"நல்ல கதையாக் குடுத்தா ரசிச்சுப் படிச்சுடுவாங்க சார். தூக்கம் வர்ற மாதிரி குடுங்க. தானாப் புத்தகத்தை மூடிடுவாங்க."

"அப்படிப்பட்ட எழுத்துக்கு நான் எங்கே போவேன்?"

"ஆமா, நீங்க ஆபீஸ்ல என்ன எழுதறதாச் சொன்னீங்க?"

சுருக்கென்றது. ஆனாலும் யோசனை நல்ல யோசனை.

ஃபேன் தாள் கொடுத்தேன். படித்தாள். இஸ்திரிப் பெட்டித் தாள் கொடுத்தேன். படித்துவிட்டு, கேள்விகளையும் தானே எழுதிக்கொண்டு விடை போட்டாள். தாள் கொண்டுவந்த எனக்குத்தான் தூக்கம் வந்தது.

"எல்லாம் சின்னச் சின்னதா இருக்கு. நீளமாப் பழகணும்," என்றாள் ஒரு சாயங்காலம். "நம்ம மெஷின் தாள் அலமாரி மேல கிடக்கு. அதை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பெயர்தான் இல்லையே, என்ன பயம்? பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படித்துக்கொண்டே வந்து, உச்சுக் கொட்டினாள்.

"இதை எழுதின ஆளு பாவங்க."

"ஏன்?"

"ஒண்ணும் தெரியாத ஆளு. 'மெஷின் குலுங்கும், அஞ்ச வேண்டாம்'னு எழுதியிருக்கான். ஏன் குலுங்குதுன்னு சொல்லத் தெரியலை."

"அடுத்த வரியிலயே இருக்கே! துணி ஒரு பக்கமா ஒதுங்கினா குலுங்கும். நிறுத்திட்டுப் பரத்திப் போட்டா சரியாயிடும்."

"சோப்புத்தூள் எங்க போடறதுன்னும் குழப்பியிருக்கான்."

"என்ன குழப்பம்? இடது பக்கப் பெட்டி தூளுக்கு! பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்!"

"வெள்ளைத் துணிக்குக் குமிழை எதுல வைக்கறது? சொல்லவே இல்லை. மெஷினைக் கண்ணால பார்க்காமலே எழுதியிருக்கான், சோம்பேறி."

"மூணுல வைக்கணும்! மூணுல! மெஷின் முன்னாடியே தவம் கிடந்து எழுதியிருக்கேன், கண்ணால பார்க்கலையாம்!"

பின்கட்டில் மெஷின் அந்த நேரம் பார்த்து நின்றது.

மனைவி நிதானமாகப் பேனாவைத் திறந்தாள். "சரி, கடைசிக் கேள்வி. இதை எழுதினவருக்கு மெஷினை ஓட்டத் தெரியுமா? அ, தெரியும். ஆ, நல்லாத் தெரியும். இ, இத்தனை வருஷமாத் தெரியும்."

"ஈ?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"மேற்கூறிய அனைத்தும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மெஷின் வந்த அன்னிக்கே. 'அஞ்ச வேண்டாம்'னு உங்களைத் தவிர யாருங்க எழுதுவா? கல்யாணமான புதுசுல கரப்பான் பூச்சியைப் பார்த்துட்டு நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு அதைத்தானே சொன்னீங்க!"

"அப்ப இத்தனை நாள் ஏன் கேக்கலை?"

"தேவைப்படறப்ப கேட்டுக்கலாம்னு விட்டு வச்சேன்."

மெஷின் மூடியைத் திறந்து துணிகளை எடுத்து உலர்த்தப் போனேன். கோபம் வர வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் எழுதுகிறேன். என் எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, இது இன்னார் எழுதியது என்று கண்டுபிடித்தவர் இந்த உலகத்தில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் வேட்டு வைக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

தேர்வில் ஜோராகத் தேறிவிட்டாள். தேர்வறையில் குக்கர் ஞாபகமே வரவில்லையாம். பக்கத்து வீட்டு டிரைவர் வாழ்த்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

முதல் நாள் வகுப்புக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பார்க்கப் பெருமையாக இருந்தது. துணி ஏற்கெனவே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, என் உபயம். எஞ்சியிருந்த ஒரே ஆயுதத்தை வாசல்வரை போய் எடுத்தேன்.

"சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றது? சமையல் விவகாரமெல்லாம் எனக்குப் புரியாதே!"

செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"ரைஸ் குக்கர் தாளையும் படிச்சாச்சு. அஞ்ச வேண்டாம்."