உருப்படி ஒன்று, எழுபது கிலோ

ஃபைல்காரரின் மகளுக்குக் காலை ஒன்பது மணிக்கு வலி எடுத்தது. ஒன்பதேகாலுக்கு அவர் நீட்டிய லீவு லெட்டரை மேனேஜர் தொடக்கூட இல்லை.

"காகிதத்துல எதுவும் என்கிட்ட வரக்கூடாது. ஸ்கேன் பண்ணி ஃபைல் சாஃப்ட்வேர்ல போடுங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து அதை ஸ்டோர், வண்டி, வாசல் கேட்டு எல்லா சாஃப்ட்வேரோடயும் இணைச்சாச்சு. அது சொல்றதுதான் முடிவு."

"தலைப்பிரசவம் சார். போய்ச் சேரவே நாலு மணி நேரம் ஆகும்."

"சாஃப்ட்வேர் சொல்லட்டும்."

தாயில்லாமல் வளர்ந்த பெண். 'நீங்க வாசல்ல நின்னாப் போதும்ப்பா, எனக்குப் பயம் இருக்காது' என்று சொல்லியிருந்தாள். ஃபைல்காரர் ஓடிப்போய் லெட்டரை ஸ்கேன் செய்தார். என்ன வகை ஆவணம் என்று திரை கேட்டது. பதற்றத்தில் ஏதோ ஒன்றைத் தட்டினார்.

பத்தே நிமிடத்தில் ஸ்டோர் அக்கா கையில் ஒரு சீட்டோடு வந்தார்.

"அண்ணே, எங்க சாஃப்ட்வேர் உங்களைப் பழுதான பொருள்னு சொல்லுது. ஏழு நாளைக்கு வேலையில பயன்படுத்தக் கூடாதாம்."

"ஐயையோ! வகையைத் தப்பாத் தட்டிட்டேனா?"

பேசாமல் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு காகிதத்தைக்கூட இடம் மாற்றி வைத்திராத மனிதர் அவர். வேன் டிரைவர் மகளின் பள்ளிச் சான்றிதழ், வாட்ச்மேனின் பிறந்த தேதிச் சான்று என்று யாருக்கு எது தொலைந்தாலும் தேடிப்பிடித்து நகல் கொடுப்பவர். தப்பைத் தப்பாகவே விட்டுப் போக அவருக்கு மனசு வருமா? திருத்த உட்கார்ந்துவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் வேன் டிரைவர்.

"உருப்படி ஒன்று, எழுபது கிலோ, உடையக்கூடியது. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கணும்னு சீட்டு வந்திருக்கு. ஏறுங்கண்ணே."

"நான் என்ன சரக்கா?"

"மேல்பக்கம் எதுன்னு அம்புக்குறிகூடப் போட்டிருக்குண்ணே."

"இரு தம்பி, திருத்திடறேன்."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

மூன்றாவது சீட்டோடு வாட்ச்மேன் வந்தார். பேச்சுக்கே இடம் கொடுக்காமல் ஃபைல்காரரின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"உங்க கேட்டு கார்டு ஏழு நாளைக்கு ரத்து. உள்ள வச்சிருந்தா என் வேலை போயிடும்!"

"என் வேலையே போச்சே!" என்று அலறிய ஃபைல்காரர், மூன்று சீட்டையும் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார்.

"சார், இது தப்புத் தப்பாச் சொல்லுது."

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. இது தப்பே செய்யாது என்று தலைமை அலுவலகத்தில் அடித்துச் சொல்லி வாங்கியவர் அவர்தான்.

"மெதுவாப் பேசுங்க! மூணு சாஃப்ட்வேரும் ஒண்ணாச் சேர்ந்து சொல்லுதுன்னா அதுல ஏதோ இருக்கு. எதிர்த்துப் பேசாம முதல்ல வண்டியில ஏறுங்க."

மூன்று சீட்டிலும் படபடவென்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டரை மணிக்கு ஃபைல்காரர் பிரசவ அறை வாசலில் நின்றார். மூன்று மணிக்குக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. நர்ஸ் பேத்தியைக் கையில் கொடுத்தபோது அவரும் சேர்ந்து அழுதார். உள்ளே மகள், "வந்துட்டீங்களாப்பா" என்று சிரித்தாள். வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவருக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், வேன் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த சாஃப்ட்வேரையெல்லாம் இணைச்சாரே, அவர் நம்பரைக் கொடு. நான் அவர் கால்ல விழுந்து நன்றி சொல்லணும்."

"அந்த இணைப்பு ஒயரை, மேனேஜர் உங்க லெட்டரைத் தொடலைன்னதுமே ஸ்டோர் அக்கா பிடுங்கி அவங்க பைக்குள்ள போட்டுட்டாங்கண்ணே. சீட்டு மூணையும் நாங்கதான் டைப் அடிச்சோம், நீங்கதான் திருத்தறேன் திருத்தறேன்னு எங்க உயிரை எடுத்துட்டீங்க!"